தைப்பூசத்துக்குப் பினாங்கு: விசா வேண்டாம் என்கிறார்கள், வேறு என்னென்ன வேண்டும்?

கண்டனூர் வளவு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் தையில் பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்துக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அப்பத்தாவுக்கு 76 வயது. ஐயா, அதாவது என் தாத்தா, சின்ன வயதில் பினாங்கில் பெட்டியடியில் (செட்டியார்களின் வட்டிக்கடையில்) இருந்தவர். வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படுவதையும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பதையும் ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லி அப்பத்தாவுக்கு அந்தத் தெருவே மனப்பாடம். ஆனால் கப்பலும் ஏறியதில்லை, விமானமும் ஏறியதில்லை. முட்டிவலி வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது, இனியும் தள்ளிப் போட்டால் நடக்காது.

போவது 6 பேர். அப்பத்தா, அப்பச்சி (என் அப்பா), ஆத்தா (என் அம்மா), நான், என் 8 வயது மகன், அப்புறம் அப்பத்தாவுக்குத் துணையாக எங்கள் வீட்டிலேயே இருக்கும் அக்கா. அந்த அக்காவுக்கு 39 வயது, எட்டாம் வகுப்பு வரை படித்தவர், இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்கணும். மற்ற எல்லோருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறது, பையனுடையது 2027 மார்ச் வரைக்கும் செல்லும். என் மனைவிக்குச் சென்னையில் வேலை, லீவு கிடைக்கவில்லை, அதனால் அவள் வரவில்லை.

ஜனவரி 18 அன்று திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து பினாங்கு, 28 அன்று திரும்புவது என்று திட்டம். டிக்கெட் போட்டுத் தருபவர் "மலேசியாவுக்கு விசாவே கிடையாது, பாஸ்போர்ட் இருந்தால் போதும், நடுவில் ஒரு நாள் பஸ் ஏறி சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகனையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்கிறார். ஆடி முடிந்ததும் பணம் கட்டச் சொல்கிறார். இவ்வளவுதானா, வேறு ஏதும் பார்க்கணுமா? போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

புதுவயல் அண்ணன் எழுதியது:

தம்பி, பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் மகன் பாஸ்போர்ட்டை எடுத்து இன்னொரு முறை பாருங்கள். மார்ச் 2027 என்றால் நீங்கள் போய் இறங்கும் நாளிலிருந்து இரண்டு மாதம்தான் மிச்சம். மலேசியாவில் இறங்கும் தேதிக்கு அப்புறம் குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் உயிரோடு இருக்கணும். இது தெரியாமல்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதிலும் குழந்தைகள் விஷயத்தில். பெரியவர்களுக்குப் 10 வருஷம் என்ற நினைப்பிலேயே இருப்போம், பிள்ளைகளுக்கு 5 வருஷத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் அம்மான் மகள் குடும்பத்தோடு கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். திருச்சி ஏர்போர்ட்டில் போர்டிங் கொடுக்கிற பெண் ஒவ்வொரு பாஸ்போர்ட்டாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், சின்னவனுடையதில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மறு கையால் மாதத்தை விரல் விட்டு எண்ணுகிறார், ஐந்தோடு முடிகிறது. 5 மாதமும் சில நாளும் இருந்தது. எவ்வளவு கெஞ்சியும் ஏற்றவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, தகுதியில்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால் அந்த விமானக் கம்பெனியே தன் செலவில் திருப்பிக் கொண்டுவரணும். கடைசியில் மாப்பிள்ளை மட்டும் போனார், தாயும் பிள்ளைகளும் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் காரைக்குடி திரும்பினார்கள்.

இப்போதே விண்ணப்பித்தால் நிதானமாக முடிந்துவிடும். சிவகங்கை மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. 18 வயதுக்குக் கீழே சாதாரணக் கட்டணம் 1,000 ரூபாய், தட்கல் என்றால் மேலே 2,000. தாய் தகப்பன் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிற படிவம் ஒன்று உண்டு, அனெக்சர் டி என்பார்கள். உங்கள் வீட்டம்மா சென்னையில் இருப்பதால் ஊருக்கு வரும்போது அதை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே, பையன் அப்பாவோடும் பாட்டியோடும் வெளிநாடு போக எனக்குச் சம்மதம் என்று அவர் கைப்பட ஒரு கடிதமும் எழுதி நோட்டரி போட்டு வாங்கிவிடுங்கள். கட்டாயம் என்று எங்கும் எழுதி இல்லை, யாராவது கேட்டால் காட்டக் கையில் இருக்கும்.

இன்னொன்று, இதுதான் பெரிது. மலேசியா இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் என்பதை 2023 டிசம்பர் 1 அன்று ஆரம்பித்தது. முதலில் ஒரு வருஷத்துக்கு என்றார்கள், பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நீங்கள் போவது 2027 ஜனவரி. தைப்பூசம் ஜனவரி 22. திரும்பவும் நீட்டிக்கலாம், போன தடவையும் கடைசி நேரத்தில்தான் நீட்டித்தார்கள். ஆனால் அதை நம்பித் தேதி மாற்ற முடியாத டிக்கெட்டுக்கு 6 பேருக்குப் பணம் கட்டாதீர்கள். டிசம்பருக்குள் அறிவிப்பு வரவில்லை என்றால் இ-விசா எடுக்கணும், அதற்கு ஒரு மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டிக்கெட்காரருக்கு இந்தத் தேதி தெரிந்திருக்கணும், சொல்லாமல் விட்டது சரியில்லை.

---

தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

நான் பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவன், பூர்வீகம் நெற்குப்பை. அப்பத்தாவை அழைத்து வருகிறீர்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது.

முதலில் இங்கே உள்ள குடிநுழைவு, அதாவது இமிக்ரேஷன், விஷயத்தைச் சொல்கிறேன். விசா இல்லாவிட்டாலும் மின்னியல் வருகை அட்டை ஒன்று உண்டு, எம்டிஏசி என்று சொல்வோம். 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். வந்து இறங்கும் நாளுக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதற்கு முன்னால் நிரப்ப முடியாது. 6 பேருக்கும் தனித்தனியாக, பையனுக்கும் சேர்த்து. இது முழுக்க இலவசம். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் பணம் கேட்கும் தளங்கள் முதலில் வந்து நிற்கும், அவசரத்தில் அங்கே கார்டு நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளம்தானா, முகவரியில் ஜிஓவி டாட் எம்ஒய் இருக்கிறதா என்று பார்த்து நிரப்புங்கள். கடப்பிதழ் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் முகப்பில் நிற்க வைத்துவிடுவார்கள், அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க ஒருவர் தட்டுங்கள்.

அடுத்தது தங்கும் முகவரி. உறவுக்காரர் வீடு என்றால் அவர் பெயர், முழு முகவரி, கைப்பேசி எண் எல்லாம் தாளில் இருக்கட்டும். விடுதி என்றால் முன்பதிவுத் தாள். தைப்பூச வாரத்தில் ஜார்ஜ் டவுனில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, இப்போதே போட்டுவிடுங்கள். திரும்பிப் போகும் டிக்கெட்டையும் அச்செடுத்துக் கொண்டு வாருங்கள். போன் சார்ஜ் இல்லாமல் போகும், அங்கே வைஃபை கிடைக்காமல் போகும், தாள் எப்போதும் பேசும்.

ஒன்றை எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். விசா விலக்கு என்றால் விசா என்கிற ஒரு தாள் குறைகிறது, அவ்வளவுதான். உள்ளே விடுவதா வேண்டாமா என்பது முகப்பில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கையில்தான். சந்தேகம் வந்தால் 'நாட் டு லேண்ட்' என்று எழுதி அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் சிக்குகிறார்கள். யாரோ ஒரு ஏஜென்ட் பணத்தை வாங்கிக்கொண்டு, விசா இல்லாமல் போ, உள்ளே போனதும் வேலை பெர்மிட் மாற்றித் தருவார்கள் என்று சொல்லி அனுப்புகிறான். மாற்றித் தர மாட்டார்கள். போன வருஷம் ஒரு பையனை எனக்கே தெரியும், புதுக்கோட்டைப் பக்கம். சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தான், 30 நாள் தாண்டி நாலு மாதம், பிடிபட்டுத் தடுப்பு முகாமில் இருந்து ஊர் போனான். தாயார் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம். பார்க்க முடியவில்லை. மாமா கடையில் சும்மா நின்று கல்லாவைப் பார்த்துக்கொள்வதுகூட வேலைதான், உங்கள் ஊரில் யாராவது கேட்டால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

அப்பத்தாவுக்கு ஒரு நல்ல செய்தி. மலை மேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படி, முட்டிவலியோடு முடியாது. வெள்ளி ரதம் போய்ச் சேரும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் கீழேயே இருக்கிறது, ஏற வேண்டியதில்லை. ரதம் தைப்பூசத்துக்கு முதல் நாள், அதாவது 21ஆம் தேதி காலையிலேயே கோயில் வீட்டிலிருந்து புறப்படும். 18 கிளம்புவது சரியான கணக்கு.

---

மதுரைப் பக்கம் எழுதியது:

துணைக்கு வரும் அக்காவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு இசிஆர் பாஸ்போர்ட்தான் கொடுப்பார்கள். வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போனால் அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும் என்று அர்த்தம். அந்தப் பட்டியலில் 18 நாடுகள், வளைகுடா நாடுகளோடு மலேசியாவும் தாய்லாந்தும் இருக்கின்றன. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இது பொருந்தாது, அதனால் அப்பத்தா எவ்வளவு படித்திருந்தாலும் கவலையில்லை.

வேலைக்கு இல்லாமல் சுற்றுலாவுக்கோ கோயிலுக்கோ போகிறவர்களுக்கு அந்த அனுமதி 2007 அக்டோபரிலிருந்து தேவையில்லை. ஆனாலும் திருச்சியில் நம்ம ஊர் இமிக்ரேஷன் அதிகாரி அக்காவைக் கூடுதலாக நாலு கேள்வி கேட்பார், கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் டூரிஸ்ட் என்று சொல்லி வீட்டு வேலைக்குக் கூட்டிப்போய் விற்றுவிடுகிற கும்பல்கள் இருக்கின்றன. அதனால் அக்காவின் ரிட்டர்ன் டிக்கெட், தங்கும் இடத் தாள் இரண்டையும் அவர் கையிலேயே கொடுங்கள். உங்கள் பையில் வைத்துக்கொண்டு நீங்களே முன்னால் போய்ப் பேசாதீர்கள். யாரோடு போகிறார், எந்த ஊர், எத்தனை நாள், எதற்கு என்பதை அவர் வாயாலேயே சொல்லட்டும். உள்ளதைச் சொன்னால் போதும். ஒரே குடும்பமாக வரிசையில் நில்லுங்கள்.

---

தேவகோட்டை ஆச்சி எழுதியது:

நான் மூன்று தடவை போய் வந்தேன், கடைசியாக ஆத்தாவோடு. பெயர் விஷயத்தைப் பாருங்கள் தம்பி. நம் பெரியவர்கள் பாஸ்போர்ட்டில் பல பேருக்கு சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், பெயர் மட்டும் ஒற்றையாக நிற்கும். டிக்கெட் போடும் இடத்தில் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. சிலர் அப்பச்சி பெயரைத் தானாகப் போட்டுவிடுகிறார்கள், டிக்கெட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். ஒற்றைப் பெயருக்கு என்ன செய்யணும் என்று அந்த விமானக் கம்பெனியிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடி போடுங்கள். சில கம்பெனியில் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். இனிஷியலை மட்டும் தனியாகச் சேர்க்காதீர்கள்.

கோலாலம்பூரில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்வார்கள். எங்கள் ஆத்தாவுக்கு ரேகையே பதியவில்லை. அறுபது வருஷம் அம்மியில் அரைத்த விரல், வழவழவென்று தேய்ந்து கிடக்கிறது. மறுபடி மறுபடி வைக்கிறார், சிவப்பு விளக்குதான். பின்னால் வரிசை நீளுகிறது, ஆத்தாவுக்குக் கை நடுங்குகிறது. அந்த அதிகாரி, முக்காடு போட்ட சின்னப் பெண், எழுந்து ஈரத்துணியால் ஆத்தா விரலைத் துடைத்துவிட்டு, தன் விரலை மேலே வைத்து மெல்ல அழுத்தினார். பதிந்தது. "நெனெக், ஓகே" என்றார். நெனெக் என்றால் அவர்கள் பாஷையில் பாட்டி. அப்பத்தாவிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயப்பட மாட்டார். தேங்காய் எண்ணெய் தடவிய கையோடு மட்டும் அனுப்பாதீர்கள்.

நகை. வைரத்தோடும் கெட்டிச் சங்கிலியும் போடாமல் ஆச்சிகள் கோயிலுக்குப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். போகும்போதே திருச்சியில் சுங்கத்துறையிடம் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். நகை ரசீதோ மதிப்புச் சீட்டோ கையில் இருக்கட்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அங்கே வாங்கியது என்று வரி கேட்டால் பதில் சொல்ல முடியாது.

பலகாரம் தாராளமாகக் கொண்டு போகலாம், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எதற்கும் நாங்கள் கொண்டு போனபோது பிரச்சினை வந்ததில்லை. உப்புக்கண்டம் வேண்டவே வேண்டாம், இறைச்சிக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் விட மாட்டார்கள். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல், கைப்பையில் வையுங்கள்.

---

டேங்க் ரோட்டுக்காரன் எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. உங்கள் டிக்கெட்காரர் சொன்னது தவறு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் வர விசா கண்டிப்பாக வேண்டும், ஒரு நாளாக இருந்தாலும், பஸ்ஸில் ஜொகூர் வழியாக வந்தாலும். அப்படியே வந்தால் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் இறக்கித் திருப்பி அனுப்புவார்கள். 96 மணி நேரம் விசா இல்லாமல் இருக்கலாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் போகும் வழியில் வருகிறவர்களுக்கு. உங்களுக்குப் பொருந்தாது.

வரணும் என்றால் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் மூலம் முன்கூட்டியே விசா எடுங்கள், விசாக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஏஜென்ட் கூலி தனி. எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற சிங்கப்பூர் வருகை அட்டையும் வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பணும், அதுவும் இலவசம். திரும்ப மலேசியாவுக்குள் நுழையும்போது எம்டிஏசி புதிதாக நிரப்பணும், முதல் தடவை நிரப்பியது செல்லாது.

வீட்டு மசாலாவில் கசகசா இருந்தால் தயவுசெய்து இங்கே கொண்டு வராதீர்கள். சிங்கப்பூரில் கசகசா தடை செய்த பொருள், போதைப்பொருள் ஒடுக்கும் பிரிவு பார்த்துக்கொள்ளும் விஷயம் அது. நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கிற சாதாரணச் சாமான், ஆனால் இங்கே அப்படி இல்லை.

---

கண்டனூர் வளவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட மனசு வரவில்லை. படித்துவிட்டு பெட்டகத்திலிருந்து எல்லாப் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பட்டாலையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். பையனுடையது 2027 மார்ச் 9. அப்பத்தாவுடையதில் பெயர் ஒற்றையாகத்தான் இருக்கிறது, ஆச்சி சொன்னபடியே. டிக்கெட்காரரிடம் இப்போதைக்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லிவிட்டேன், தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக நானே பார்த்துப் போடுகிறேன். சிங்கப்பூரை விட்டுவிட்டோம். இத்தனை பேரை வைத்துக்கொண்டு அப்பத்தாவை இரண்டு எல்லை ஏற்றி இறக்க முடியாது.

ஒரே ஒரு கேள்வி. அப்பச்சி பினாங்கிலிருந்து ஹாட்யாய்க்கு வேனில் போகலாமா என்கிறார். தாய்லாந்துக்கும் விசா இல்லைதானே?

---

தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

2024 ஜூலையிலிருந்து இந்தியர்களுக்கு 60 நாள் என்று அறிவித்தார்கள், ஆனால் அவர்கள் நாள் கணக்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள். போகிற வாரம் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கேயும் 2025 மே 1 முதல் டிடிஏசி என்று ஒரு இணைய அட்டை வந்துவிட்டது, இலவசம், 3 நாளுக்குள். சாலை வழியாகப் போனாலும் நிரப்பணும். திரும்பி வரும்போது மலேசிய அட்டை மறுபடி. என்னைக் கேட்டால் தைப்பூச வாரத்தில் எல்லைக்குப் போக வேண்டாம், வரிசை வெயிலில் நிற்கும். அப்பச்சியை நான் எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் படகில் கூட்டிப் போகிறேன், அதுவும் மலேசியாதான், அதற்கு எந்தத் தாளும் வேண்டாம்.

---

கண்டனூர் வளவு எழுதியது:

அப்பச்சிக்கு அதைப் படித்துக் காட்டினேன், சரி என்றுவிட்டார். பையனுக்கும் அக்காவுக்கும் மதுரைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. என் மனைவி சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அக்காவுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், போட்டோவுக்கு எந்தப் புடவை கட்டுவது என்று அப்பத்தாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்பத்தா நேற்றிலிருந்து எண்ணெய்க் கையை வேப்பம்பொடி போட்டுக் கழுவுகிறார், இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது என்று சொன்னாலும் கேட்கவில்லை. மலேசிய அறிவிப்பு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன், உங்களுக்கு முன்னால் தெரிந்தால் நீங்களும் போடுங்கள்.